ஆற்றில் எந்தப் புழுவுக்கு எந்த இடம்?

2024 பிப்ரவரியில் புனேவில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. முந்த்வா, கராடிப் பகுதிகளில் முளா–முத்தா ஆற்றின் மேலே பூச்சிகள் தூண் தூணாகச் சுழன்று எழுந்தன. ‘கொசுச் சூறாவளி’ என்று தொலைக்காட்சிகள் அலறின. ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்ட ஆறு, அதில் கலக்கும் கழிவுநீர், அடுக்குமாடிகளில் சன்னலைத் திறக்க முடியாத மக்கள் என்று செய்திகள் வரிசையாக வந்தன. பூச்சியியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு. அந்தத் திரளில் பெரும்பாலானவை கொசுக்களே இல்லை. கைரோனோமிட் என்ற கடிக்காத பூச்சிகள்.

பார்வைக்கு இவை கொசுவேதான். உருவமும் அளவும் நீண்ட கால்களும் ஒன்றுபோல இருக்கும். சுவரில் உட்காரும்போது உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கொசு பெரும்பாலும் பின்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும், கைரோனோமிட் முன்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கொசுவுக்கு உள்ள நீண்ட குத்தூசி வாய் இதற்குக் கிடையாது. ஆண் பூச்சியின் உணர்கொம்புகள் இறகு போல விரிந்திருக்கும். வளர்ந்த பூச்சியின் ஆயுள் சில நாட்கள்தான். மாலையில் ஆண்கள் கூட்டமாக எழுந்து ஆடும்; பெண்கள் அதற்குள் புகுந்து இணைசேரும்; பிறகு நீர் விளிம்பில் பசை போன்ற கொத்தாக முட்டையிடும். அதோடு கதை முடிந்தது.

வாழ்வின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் புழுவாகவே கழிகிறது. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் ‘பிளட்வார்ம்’ (ரத்தப்புழு) என்று கேட்டு வாங்கும் சிவப்புப் புழு இந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான். சாக்கடையில் நெளியும் அந்தச் சிவப்புப் புழுவை வைத்தே குடும்பம் முழுவதற்கும் பெயர் கெட்டுப்போயிற்று. கைரோனோமிட் இருந்தால் தண்ணீர் கெட்டது என்பது பொதுப்புத்தி. நூறாண்டுக்கும் மேலான ஆற்றாய்வு சொல்வது அதற்கு நேர்மாறு. ஆற்றில் இந்தக் குடும்பம் இல்லாத இடமே அரிது. அதனால், இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியால் பயனில்லை. எந்த இனம், எந்த இடத்தில், எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்பதுதான் கேள்வி.

பெரிய குடும்பம்

கைரோனோமிடே குடும்பத்தில் பெயர் சூட்டப்பட்ட இனங்கள் 6,000ஐத் தாண்டும். 2008இல் வெளியான உலகளாவிய தொகுப்பு ஒன்று, இளம்பருவத்தை நீரில் கழிப்பவை என 4,147 இனங்களைக் கணக்கில் கொண்டது. நன்னீரில் வாழும் பூச்சிக் குடும்பங்களில் இவ்வளவு பரந்து கிடப்பது வேறில்லை. அண்டார்க்டிகாவில் சிறகில்லாமல் வாழும் பெல்ஜிகா அண்டார்க்டிகா இந்தக் குடும்பம். பைக்கால் ஏரியில் 1,300 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் கிடைத்த புழுவும் இந்தக் குடும்பம். ஆப்பிரிக்கப் பாறைக் குழிகளில் நீர் வற்றியதும் தானும் காய்ந்து சருகாகி, ஆண்டுக்கணக்கில் கிடந்து, மழை விழுந்ததும் உயிர்பெறும் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கியும் இதே குடும்பம்தான்.

ஆறுகளைப் பொறுத்தவரை நான்கு துணைக்குடும்பங்களை அறிந்தால் போதும். டயமெசினே குளிர் விரும்பி. ஆர்த்தோகிளாடினேவில் பெரும்பாலானவை ஓடும் நீரையும் கற்களையும் நாடுபவை. கைரோனோமினே வெப்பம், வண்டல், மெதுவான ஓட்டம் ஆகியவற்றுக்குப் பழகியது. ரத்தப்புழுக்கள் இதில்தான் அடக்கம். டானிபோடினே வேட்டைக் கூட்டம். கூடு கட்டி அடங்கியிருக்காமல் அலைந்து திரிந்து சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும்.

பனிமலையிலிருந்து சமவெளிக்கு

ஆற்றின் பிறப்பிடத்திலிருந்து தொடங்கலாம். நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் யாலா என்றொரு பனியாறு இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா 1984இல் நேச்சர் இதழில் அங்குள்ள ஒரு டயமெசா இனத்தைப் பற்றி எழுதினார். சிறகு குறுகிப் பறக்க முடியாத அந்தப் பூச்சி பனியின் மேல் நடந்து திரிகிறது. உறைநிலைக்குக் கீழே 16 பாகை செல்சியசிலும் அது அசைந்துகொண்டிருந்தது. அதன் புழுக்கள் பனியாற்றுக்குள் ஓடும் உருகுநீர்க் கால்களில் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வளர்கின்றன.

பனியாறுகளிலிருந்து இறங்கும் ஓடைகளுக்கு 1994இல் மில்னர், பெட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு வரைவை முன்வைத்தார்கள். நீரின் உச்ச வெப்பம் 2 பாகைக்குக் கீழே இருக்கும் இடத்தில் டயமெசா மட்டுமே. 2 முதல் 4 பாகை வரை ஆர்த்தோகிளாடினேவும் கரும் ஈக்களும் வந்து சேரும். அதற்கு மேல் போனால் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகள் இடம்பிடிக்கும். உலகின் பல மலைகளில் இந்த வரிசை, ஆங்காங்கே சில மாறுதல்களோடு, ஒத்துவந்திருக்கிறது. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் பனியாறு பின்வாங்கிய இடத்தில் பிறந்த ஓநாய் முனை ஓடையில் இது காலப்போக்கிலேயே நடந்து காட்டியது. முதலில் குடியேறியவை கைரோனோமிடுகள். தண்ணீர் சூடேற ஏறக் குளிர் விரும்பிகள் விலகிக்கொண்டன. புவி வெப்பமாகும் காலத்தில் ஆல்ப்ஸ் மலையின் டயமெசா ஸ்டைன்போக்கி போன்ற இனங்களைப் பற்றி ஆய்வாளர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான். மலை உச்சிக்கு மேலே ஏறிப்போக இடமில்லை.

மலையை விட்டு இறங்கும்போது துணைக்குடும்பங்களின் விகிதம் மாறிக்கொண்டே வருகிறது. குளிர்ந்த மேலோடைகளில் டயமெசினேவும் ஆர்த்தோகிளாடினேவும் ஓங்கியிருக்கும். அகன்று வெதுவெதுப்பாகும் கீழாற்றில் கைரோனோமினே ஓங்கும். வெப்பமண்டல ஆறுகளில் இந்தத் தராசு இன்னும் அதிகமாகக் கைரோனோமினே பக்கம் சாயும். ஆற்றை ஊற்று, மலையோடை, சமவெளியாறு என்று பகுத்த இல்லீஸ், போதோசானியனுவின் 1963ஆம் ஆண்டுத் திட்டத்துக்கும், ஆறு மேலிருந்து கீழ்வரை ஒரே தொடர்ச்சியாக மாறுகிறது என்று வானோட்டும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வைத்த கருத்துக்கும் இந்தப் பூச்சிகள் நல்ல சாட்சி. உயரத்தோடு வெப்பம் மட்டும் மாறுவதில்லை. மேலே மரநிழலில் இலைச் சருகு உணவாகிறது, நடுவே வெயில் பட்ட கல்லில் வளரும் பாசி உணவாகிறது, கீழே மிதந்து வரும் நுண்துகள் உணவாகிறது. எது எங்கே தின்னக் கிடைக்கிறதோ அதைத் தின்னத் தெரிந்த இனம் அங்கே இருக்கிறது.

பரவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மிகப் பழையது. ஸ்வீடன் நாட்டின் லார்ஸ் புருண்டின் தென் அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் குளிர்ந்த மலையோடைகளில் போடோனோமினே போன்ற கிளைகளைச் சேகரித்து 1966இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். கடல் பிரித்த நிலங்களில் நெருங்கிய உறவினங்கள் வாழ்வதை, அண்டார்க்டிகா வழியாக அவை ஒரு காலத்தில் இணைந்திருந்ததன் சான்றாகக் காட்டினார். கண்டப் பெயர்ச்சி அப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகியிருக்கவில்லை. ஓடைக் கல்லில் ஒட்டியிருந்த சில மில்லிமீட்டர் புழு புவியியல் விவாதத்தில் சாட்சியாக நின்றது.

ஒரே இடத்தில் பல வீடுகள்

ஆற்றின் நீளவாக்கில் நடக்கும் மாற்றத்தை விட, ஒரே பத்து மீட்டருக்குள் நடக்கும் பிரிவினை வியப்பானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லைன்ஸ்வில் என்ற சிற்றோடையில் காஃப்மன் நடத்திய ஆய்வு 140க்கும் மேற்பட்ட கைரோனோமிட் இனங்களைக் கண்டது. ஒரே ஓடைக்குள் அத்தனை இனங்கள் அடங்குவதற்கு வழி, படுகையின் ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் தனி ஆள் இருப்பதுதான்.

வேகமாக நீர் பாயும் கல்லைத் தூக்கித் திருப்பினால் ரியோடானிடார்சஸ் என்ற சிறு புழுவின் வீடு தெரியும். உமிழ்ந்த பட்டுநூலால் துகள்களை ஒட்டிக் கட்டிய குழல் அது. அதன் வாயைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு கைகளுக்கு இடையே பிசுபிசுப்பான நூலைப் புழு இழுத்துக் கட்டியிருக்கும். நீர் ஓட ஓட மிதந்து வரும் துகள் நூலில் ஒட்டும். சற்று நேரம் கழித்துப் புழு தலையை நீட்டி, துகளோடு நூலையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் புது நூல் கட்டும். ஓட்டம் நின்றுபோன நீரில் இந்த ஏற்பாடு பலிக்காது. எனவே நீரோட்டம் குறைந்தால் முதலில் வீட்டைக் காலி செய்பவர்களில் இதுவும் ஒன்று.

அதே கல்லின் மேற்புறப் பாசியில் ஆர்த்தோகிளாடியஸ், கிரிகோடோபஸ், பாசியின் இண்டு இடுக்குகளில் யூகீஃபெரியெல்லா. கிரிகோடோபஸ் பேரினத்தில் ஓரினம் நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசியின் கோளத்துக்குள்ளேயே குடியிருந்து அதையே தின்று வளர்கிறது. மூழ்கிக் கிடக்கும் கட்டையைக் குடைவது ஸ்டெனோகைரோனோமஸ். நன்னீர்ப் பஞ்சுயிரிக்குள் வாழ்வது செனோகைரோனோமஸ். மேஃப்ளையின் இளம்புழு மீது ஏறி, அதன் சிறகு மொட்டுக்கு அடியில் தங்கி, உடல்நீரை உறிஞ்சி வாழ்கிறது சிம்பியோகிளாடியஸ்.

மணலில் ஒன்றும் வாழாது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஓயாமல் நகரும் மணலில் வீடு கட்ட முடியாதே! கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மணலாறு என்றே பெயர் கொண்ட ஆற்றில் 1980களில் நடந்த ஆய்வு வேறு கணக்குக் காட்டியது. மணல் மணிகளுக்கு நடுவே ரியோஸ்மிட்டியா, ரொபாக்கியா போன்ற நூலிழைப் புழுக்கள் பெருந்தொகையாக இருந்தன. உடல் மெலிந்திருப்பதால் சாதாரண வலையின் கண்களில் நழுவிப்போனதே முன்பு இவை தென்படாததற்குக் காரணம். ஆற்று மணலை லாரியில் ஏற்றும் சரக்காக மட்டுமே பார்த்துப் பழகிய தமிழ்நாட்டில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருள் உண்டு.

கட்டைகளின் பங்கு இன்னும் பெரிது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சட்டில்லா ஆறு, மணல் படுகையும் கருந்தேநீர் நிறத் தண்ணீரும் கொண்டது. ஆர்தர் பென்கே குழுவினர் அங்கே கண்டது இது: விழுந்து கிடக்கும் மரக்கிளைகள் மொத்த வாழிடப் பரப்பில் சுமார் 4 விழுக்காடுதான். முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடையில் 60 விழுக்காடு அந்தக் கிளைகளில் இருந்தது. அந்தப் பகுதி ஆறுகளின் கைரோனோமிடுகளுக்கு எடை குறைவு; ஆனால் வளர்ந்து, தின்னப்பட்டு, மீண்டும் வளரும் வேகம் அபாரம். மீனுக்கு இரை ஓயாமல் கிடைப்பது இந்த வேகத்தால்தான். ‘ஆற்றைச் சுத்தம் செய்கிறோம்’ என்று கிளைகளை எல்லாம் இழுத்துப் போடுவது மீனின் சோற்றில் கைவைப்பதாகும்.

சிவப்பின் ரகசியம்

இனி, கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த ரத்தப்புழு. கைரோனோமஸ் பேரினத்தின் புழுக்கள் சேற்றில் ஆங்கில யு எழுத்து வடிவில் வளை தோண்டி வாழ்கின்றன. பூச்சிகளில் அரிதாகக் காணப்படும் ஹீமோகுளோபின் இவற்றின் உடல்நீரில் கரைந்திருக்கிறது, சிவப்பு அதனால்தான். இந்த ஹீமோகுளோபின் மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும்.

1940களில் பார்பரா வால்ஷ் இந்தப் புழுவின் அன்றாட வேலையைக் கூர்ந்து கவனித்தார். புழு வளைக்குள் பட்டுநூலால் கூம்பு வலை ஒன்றைப் பின்னுகிறது, உடலை அலை அலையாக நெளித்து நீரை உள்ளே இழுக்கிறது, வலையில் துகள் சேர்ந்ததும் திரும்பி வலையோடு விழுங்குகிறது, மறுபடி பின்னுகிறது. நெளிவதை நிறுத்தும் இடைவெளிகளில் வளைக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீண்டும் நெளியத் தொடங்கியதும் சட்டென்று மீள ஹீமோகுளோபின் உதவுகிறது.

கழிவுநீர் கலந்த ஆற்றில் மற்ற பூச்சிகள் மூச்சுத் திணறிச் சாகும்போது இந்தப் புழு மட்டும் பிழைக்கிறது. எதிரியும் இல்லை, போட்டியும் இல்லை. தின்ன அழுகிய சேறு குறைவில்லாமல் இருக்கிறது. வெப்ப நாடுகளில் சில வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அலாஸ்காவின் பாரோவில் உறைகுளத்துக் கைரோனோமஸ் ஓரினம் இதே வாழ்க்கையை முடிக்க ஏழாண்டு எடுத்துக்கொள்வதை நினைத்தால் புனேவில் எழுந்த தூண்களின் வேகம் புரியும்.

மாசு என்றாலும் எல்லா மாசும் ஒன்றல்ல. மின்முலாம் பூசும் ஆலைகளின் குரோமியக் கழிவு ஓடிய அமெரிக்க ஓடையில் செழித்திருந்தது ரத்தப்புழு அல்ல, கிரிகோடோபஸ் பைசிங்டஸ் என்ற சிறு பாசித் தின்னி. யூஜின் சர்பர் 1959இல் இதைப் பதிவு செய்தார். நச்சு கலந்த வண்டலில் வளரும் புழுக்களின் கீழ்வாய்த் தகட்டில் பற்கள் குறைந்தோ கோணியோ இருப்பதும் 1970களிலிருந்து பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வண்டலின் நச்சுத்தன்மையை அளக்க உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் உயிரும் கைரோனோமஸ் ரிபாரியஸ் என்ற ரத்தப்புழுதான்.

அணை வந்த பின்

ஆற்றின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் படுகையையும் ஒரே அடியில் மாற்றுவது அணை. சூடான் நாட்டில் நீல நைல் மீது 1925இல் சென்னார் அணையும், வெள்ளை நைல் மீது 1937இல் ஜெபல் அவ்லியா அணையும் வந்தன. ஓட்டம் தணிந்த நீரில் கிளாடோடானிடார்சஸ் லெவிசி என்ற கைரோனோமிட் இனம் பெருகியது. மக்கள் அதற்கு வைத்த பெயர் பச்சை நிமித்தி. குளிர்காலத்தில் விளக்கு வெளிச்சத்தை நாடி வரும் அந்தத் திரள்களால் ஆற்றங்கரை ஊர்களில் ஆஸ்துமாவும் மூக்கடைப்பும் பெருகின. கடிக்காத பூச்சி நோய் தந்த வழி ஒவ்வாமை. கைரோனோமிடுகளின் ஹீமோகுளோபினே மூச்சோடு உள்ளே போய் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று பிற்காலச் சோதனைகள் காட்டின.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கதை தலைகீழ். கிளென் கேன்யன் அணைக்குக் கீழே பூச்சிகளே பற்றாக்குறை. மின்தேவைக்கு ஏற்ப அணை நீரைப் பகலில் கூட்டியும் இரவில் குறைத்தும் விடுகிறது. அந்த ஏற்றவற்றம் ஆற்றோடு இறங்கி ஒவ்வோர் இடத்தையும் ஒவ்வொரு நேரத்தில் அடைகிறது. கைரோனோமிட் அந்தி வேளையில் நீர் விளிம்பில் முட்டையிடும். நீர் உயர்ந்திருக்கும்போது இட்ட முட்டை, நீர் இறங்கியதும் கரையில் காய்ந்துபோகும். தாழ்ந்திருக்கும்போது இட்டது தப்பும். படகுப் பயணிகளும் வழிகாட்டிகளும் விளக்குப் பொறி வைத்துச் சேகரித்த 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து கென்னடி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அந்தி நேரத்தில் நீர் தாழும் இடங்களில் பூச்சி அதிகம், உயரும் இடங்களில் குறைவு என்று, அணையின் கால அட்டவணை பூச்சிகளின் பரவலில் பதிந்திருந்தது. விளிம்புக் கற்களில் முட்டை ஒட்டும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்றவை அங்கே அற்றுப்போனதற்கும் இதுவே விளக்கம். 2018 கோடையில் சனி, ஞாயிறுகளில் நீரை ஒரே மட்டத்தில் தாழ்த்தி விடும் சோதனை தொடங்கியது.

தோலைப் பார்த்து ஆளை அறிவது

இத்தனை இனங்களையும் எப்படிப் பிரித்தறிவது? புழுவின் தலையை வெட்டி, கண்ணாடியில் ஏற்றி, நுண்ணோக்கியில் வாய்ப்பற்களை எண்ண வேண்டும். அப்படியும் பல நேரம் பேரினத்தைத் தாண்டிப் போக முடியாது. எளிய வழியொன்றை ஜெர்மானியர் ஆகஸ்ட் தீனமன் 1910லேயே சுட்டிக்காட்டினார். பூச்சி வெளிவரும்போது கூட்டுப்புழுவின் தோலை நீர்ப்பரப்பில் விட்டுச் செல்கிறது. அது ஓரிரு நாள் மிதந்து, நுரையும் குப்பையும் ஒதுங்கும் மூலைகளில் சேரும். வலையால் அள்ளினால் கல், மணல், கட்டை, சேறு எல்லா வீட்டாரின் தோலும் ஒரே இடத்தில் கிடைக்கும். உயிர் எதையும் கொல்ல வேண்டியதில்லை. 1970களில் பிரிட்டனில் மறுபடி எடுத்தாளப்பட்ட இந்த முறைக்கு 2006இல் ஐரோப்பியத் தர வழிகாட்டியே வந்துவிட்டது.

இந்திய இனங்களில் பலவற்றுக்கு முதலில் பெயர் சூட்டியவர் ஜான் ஜாக் கீஃபர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் அனுப்பிய மாதிரிகளை வைத்து 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதினார். பிற்பாடு பர்த்வான் பல்கலைக்கழகத்தில் பி. கே. சவுதுரியும் மாணவர்களும் பல பத்தாண்டுகள் அந்தப் பணியைச் சுமந்தார்கள். அவர்கள் விளக்கியவற்றில் பெரும்பாலானவை வங்கம், வடகிழக்கு, இமயப் பகுதிகளைச் சேர்ந்தவை.

ஆற்று நலத்தை உயிரிகளால் அளக்கும் முறைகளோ இந்த அறிவை ஒரே எண்ணில் அடக்கிவிடுகின்றன. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட புகழ்பெற்ற மதிப்பெண் பட்டியல், தூய நீர்ப் பூச்சிகளுக்கு 10 கொடுத்தது. கைரோனோமிடே குடும்பம் முழுவதற்கும் 2 கொடுத்தது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கையாளும் உயிரியல் அளவையும் குடும்ப மட்டத்தோடு நின்றுவிடுகிறது. பனியாற்றில் 2 பாகைக் குளிரில் வாழும் டயமெசாவும், பாயும் நீரின்றி வாழத் தெரியாத ரியோடானிடார்சசும், சாக்கடையின் ரத்தப்புழுவும் அதே 2ஐத்தான் வாங்குகின்றன. விரைந்து முடிக்க வேண்டிய களப்பணிக்கு அது வசதி. ஆனால் அந்த எண்ணை வைத்து ஓர் ஓடைக்குத் தீர்ப்பு எழுதுவது தவறு.

இதைச் சரிசெய்யத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஆறு இருக்கிறது. பொதிகை மலையில் பிறந்து, காரையாறு, பாபநாசம் அணைகளைக் கடந்து, அம்பாசமுத்திரம் வயல்களுக்கும் திருநெல்வேலி நகருக்கும் நடுவே ஓடி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, சுமார் 128 கிலோமீட்டருக்குள் மலையோடை, அணை, பாசனம், நகரக் கழிவு, கழிமுகம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. வேண்டியது நுண்கண் வலை, நுண்ணோக்கி, மாதம் ஒருமுறை நுரை ஒதுங்கும் இடங்களில் தோல் சேகரிக்க ஆட்கள். நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, குறைந்தது பேரினம் வரை பெயர் சொல்லும் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க முன்வர வேண்டும்.